வட்டி வாங்காதவள்

எங்கள் ஊரில் கடன் கேட்டு வருகிறவர்கள் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பார்கள். வெயிலில் நடந்து வந்த தாகம் என்று நினைத்துவிடக் கூடாது. குடித்து முடித்தபிறகும் சொம்பைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றால், பணத்துக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிடும். நானாகவே "எவ்ளோ வேணும்?" என்று கேட்டுவிடுவேன். ஒருவரை வாய் திறந்து கேட்க வைப்பது எனக்குப் பிடிக்காது, மேடம்.

எழுதிக்கொள்ளுங்கள். என் பெயர் சந்திரம்மாள். பிள்ளைப்பாக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். ஊரில் பாதிப் பேர் என் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். கம்பெனிகளுக்கு நிலம் எடுத்தபோது எங்கள் நிலமும் போனது. கையெழுத்துப் போட்ட வருஷமே என் வீட்டுக்காரர் நாகப்பன் இறந்துவிட்டார். வந்த பணத்தில் தன் பங்கை என் மகன் பிரசாந்த் கேட்டான். கொடுத்தேன். கேட்டுக்கொண்டிருந்த வரைக்கும் வாராவாரம் புனேயிலிருந்து போன் செய்தான், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை நேரிலும் வந்தான். வாங்கியபிறகு பொங்கலுக்கு வந்தான். அடுத்த பொங்கலுக்குப் போனில் மட்டும் பேசினான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. என்னிடம் வாங்குவதற்கு அவனுக்கு எதுவும் மிச்சமில்லை, அவ்வளவுதான்.

என் பங்கை பேங்கில் போட்டு வைத்துக்கொண்டு கைமாற்றாகக் கொடுக்க ஆரம்பித்தேன். பஸ் நிறுத்தத்தில் இட்லிக் கடை போட்டிருக்கும் காமாட்சியம்மாளை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரகடம் போகிற கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பெண்பிள்ளைகள் எல்லாவற்றையும் அவளிடம்தான் விசாரிப்பார்கள். ரூம் எங்கே கிடைக்கும், எந்த டாக்டர் நல்லவர், நம்பி யாரிடம் கடன் வாங்கலாம் எல்லாம்.

"தண்டல்காரன்கிட்ட போவாத, விடியறதுக்குள்ள வாசல்ல வந்து நிப்பான்," என்பாள் காமாட்சி. "குழுக்கடனும் வாணாம். நீ ஒரு வாரம் கட்டலன்னா மத்த பொம்பளைங்க உன் ரூமாண்ட வந்து குந்திக்கினு எயுந்திருக்க மாட்டாளுங்கோ. நேரா சந்திரம்மா வூட்டுக்குப் போ. வட்டி கெடையாது. வெளில ஒரு வார்த்தை போவாது."

உண்மைதான். நான் வட்டி வாங்கியதே இல்லை. யாரையும் சத்தம் போட்டுக் கேட்டதில்லை. நான் கேட்டது ஒன்றுதான். கடன் தீருகிறவரை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்கு வந்து என்னோடு சாப்பிட வேண்டும். முதலில் சிரிப்பார்கள். பிறகு வருவார்கள். ஹாஸ்டல் சாப்பாட்டில் வாய் செத்துப்போன பிள்ளைகள், சந்தோஷமாகத்தான் வருவார்கள். என் சமையலறையில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டு, சூப்பர்வைசரைத் திட்டிக்கொண்டு, வீடு கலகலவென்று இருக்கும்.

கடைசித் தவணையைக் கொடுத்த வாரத்தோடு அது நின்றுவிடும். ஒருத்தி ஓடி, அதான் ஓவர்டைம், என்பாள், ஒருத்தி தலைவலி என்பாள், அதற்கப்புறம் எதுவும் சொல்ல மாட்டார்கள். தெருவில் பார்த்தால் "நல்லா இருக்கீங்களாம்மா" என்று கேட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். ஒருத்திகூட விதிவிலக்கு இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

சண்முகப்ரியா போன வருஷம் ஆடி மாதம் வந்தாள். ஆலங்குளம் பக்கத்துப் பெண். செல்போன் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. சொம்பை வைத்துக்கொண்டு நின்றாள், ஆனால் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. இன்னொரு கையில் போன் அதிர்ந்துகொண்டிருந்தது.

"அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேசன்மா," என்றாள். "உடனே பணம் கெட்டணும்னுட்டாங்க. போன்ல ரெண்டு நிமிசத்துல கடன் தாரோம்னு வந்துச்சு. நான் வாங்குனது கொஞ்சம்தான். இப்ப மூணு மடங்கு கேக்காங்க."

"அதுக்கு இன்னாத்துக்கும்மா இப்டி பயந்துக்கினு நிக்கற?"

"என் போட்டோவ வேற மாதிரி ஆக்கி எங்க அத்தைக்கு அனுப்பிருக்காங்கம்மா. நாளைக்கு எங்கப்பாவுக்கு அனுப்புவோம்னு சொல்லுதாங்க."

அன்றைக்கே அவளை உட்கார வைத்து மொத்தத்தையும் கட்டினேன். என் கணக்கிலிருந்து அவள் கணக்குக்குப் பணம் போனது, அங்கிருந்து அவர்களுக்குப் போனது. போன் அதிர்வது நின்றது. அவள் கொஞ்ச நேரம் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் மடியில் தலையை வைத்து அழுதாள், அழுதுகொண்டே தூங்கிப்போனாள். என் கால் மரத்துவிட்டது. நான் அசையவில்லை. பெற்ற பிள்ளைகூட என் மடியில் அப்படித் தூங்கியதில்லை. எழுந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா நான் செத்துருப்பேன்மா," என்றாள். எல்லோரும் பேச்சுக்குச் சொல்கிறதுதான். அவள் பேச்சுக்குச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தார்கள். பிரியா தினமும் வந்தாள். கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். ஹாஸ்டல் ரூமில் எட்டுப் பேருக்கு ஒரே பிளக்பாயின்ட். அதனால் வேலைக்குப் போகும்போது போனை என் வீட்டு டிவி மேஜையில் சார்ஜில் போட்டுவிட்டு ஓடுவாள். "அம்மா கூப்பிட்டா நீங்க எடுத்துப் பேசுங்கம்மா" என்று போனைத் திறக்கிற எண்ணைச் சொல்லித் தந்தாள். சம்பளம் வருகிற நாளில் அவளுக்கு ஷிப்ட் இருந்தால் வீட்டுக்கு நானே அனுப்புவதற்காகப் பணம் அனுப்புகிற எண்ணையும் சொல்லித் தந்தாள். அவள் அம்மாவோடு நான் பேசாத நாள் இல்லை. பீடி சுற்றிக்கொண்டே பேசுவார்கள், இலை கத்தரிக்கிற சத்தம் கேட்கும். அவள் அப்பா வானமாமலையும் பேசுவார். "எம்பிள்ளைய உங்கள நம்பித்தாம்மா விட்ருக்கோம்" என்பார்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"சித்திரையில ஊருக்குப் போயிருவேன்மா. மாமா பையனுக்கே பேசி முடிச்சிட்டாங்க."

"வேல?"

"விட்டுருவேன். அதுக்குள்ள ஓடி பாத்து உங்க பணத்த முடிச்சிருதேன்."

"இப்ப இன்னா அவசரம்? அந்தக் காசுல ஒரு கம்மலு வாங்கிக்கோ. கடன் கெடக்குது."

"இல்லம்மா. கடனோட கல்யாணத்துல போய் உக்காந்தா மனசு சரியா இருக்காது," என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டு மீன் கேட்டாள்.

நான் போட்டேன். அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்திரைக்கு அப்புறம் அந்த மேஜையில் போன் இருக்காது என்று மட்டும் நினைத்தேன். வேறு எதையும் அன்றைக்கு நினைக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

பழைய கடன்காரர்களிடமிருந்து அவள் போனுக்கு அவ்வப்போது தகவல் வந்துகொண்டே இருந்தது. உங்களுக்கான பணம் தயாராக இருக்கிறது, ஒரு முறை தொட்டால் போதும் என்று. அவள் பார்க்காமலே அழித்துவிடுவாள். மாசிக் கடைசியில் ஒருநாள் அவள் வேலைக்குப் போனபிறகு அப்படி ஒன்று வந்தது. நான் தொட்டேன். என் பெயரை அது கேட்கவில்லை. அவள் பெயர், ஆதார், போட்டோ, அவளுக்குத் தெரிந்தவர்கள் எல்லாருடைய நம்பரும் ஏற்கெனவே அதனிடம் இருந்தன. சத்துணவுக் கூடத்தில் முட்டைக் கணக்கு எழுதுவதைவிட எளிதாக இருந்தது. பணம் அவள் கணக்கில் விழுந்ததும் என் கணக்குக்கு மாற்றினேன். வந்த தகவல்களை அழித்தேன். மறுநாள் ஸ்ரீபெரும்புதூருக்குப் பஸ் ஏறிப்போய் அந்தப் பணத்தை எடுத்துவந்து பீரோவில் என் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். அதிலிருந்து ஒரு ரூபாய்கூட நான் செலவழிக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அது அவளுக்கென்று எடுத்து வைத்த பணம்.

உங்கள் ஆட்கள் அப்போதே பேங்க் கணக்கைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்த்திருந்தாலும், அவள் எனக்குத் திருப்பித் தந்த கடன் என்று நினைத்திருப்பார்கள். அதனால் யாரையும் குறை சொல்ல முடியாது.

நான் நினைத்தது இதுதான். ஒரு வாரத்தில் கெடு முடியும். அவர்கள் மிரட்டுவார்கள். அவள் பயந்துபோய் என்னிடம் ஓடி வருவாள், ஆடி மாதம் வந்ததுபோல. நான் பீரோவைத் திறந்து கொடுப்பேன். மறுபடி மடியில் தூங்குவாள். கடன் கூடிவிட்டதால் இன்னும் கொஞ்சநாள் வேலை பார்க்க வேண்டியிருக்கும், கல்யாணம் ஆவணிக்குத் தள்ளிப்போகும். கல்யாணத்தை நிறுத்த வேண்டும் என்று எனக்கு எண்ணமில்லை. மூன்று நான்கு மாதம் தள்ளிப்போனால் யாருக்கு என்ன நஷ்டம்.

கெடு முடிந்த அன்று காலையில் அவள் ஆறு மணி ஷிப்டுக்குப் போயிருந்தாள். ஒன்பது மணிவாக்கில் போன் அடித்தது. புது நம்பர். எடுத்தேன்.

"சண்முகப்ரியாவா?" என்று ஒரு பையன் கேட்டான்.

"அவ வேலைக்குப் போயிருக்கா."

"நீங்க யாரா இருந்தாலும் சரி, பதினொரு மணிக்குள்ள கட்டச் சொல்லுங்க. இல்லன்னா போன்ல இருக்கற அத்தனை பேருக்கும் போட்டோ போகும்."

பீரோ எனக்கு நாலடி தூரத்தில் இருந்தது. பேங்கிலும் என் பணம் இருந்தது. அவள் போனிலிருந்தே கட்டியிருக்கலாம், எப்படிக் கட்டுவது என்று எனக்குத் தெரியும். நான், "அவகிட்டயே கேட்டுக்கோப்பா," என்று சொல்லிவிட்டு வைத்தேன். நானே கட்டிவிட்டால் அவளுக்குத் தெரியாமலே போய்விடும் இல்லையா. தெரிந்தால்தானே வருவாள்.

அதற்கப்புறம் நான் சமைக்கப் போனேன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை, ஆனாலும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன், அவளுக்கு அது பிடிக்கும். பதினொரு மணி தாண்டியதும் போன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. மேஜை மரம் என்பதால் போன் அதிர்ந்தால் உள்ளே அடுப்படி வரை கேட்கும். அத்தை. மாமா. பெயர் போடாத நம்பர்கள். பிறகு 'அப்பா' என்று வந்தது. நின்றது. மறுபடி 'அப்பா'. எப்போதும் நான்தான் எடுப்பேன். அன்றைக்கு எடுக்கவில்லை. எடுத்தால் அவரிடம் என்ன சொல்வது. அவள் வந்து எடுக்கட்டும் என்று கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்து அதிர்ந்து மேஜை விளிம்புக்கு நகர்ந்துகொண்டே வந்தது. விழுந்துவிடாமல் உள்ளே தள்ளி வைத்தேன்.

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்தது. கம்பெனி கேட்டில் மற்ற பெண்கள் லாக்கரிலிருந்து தங்கள் போன்களை எடுத்தார்கள். எல்லோருடைய போனிலும் அந்தப் படம் வந்திருந்தது. சூப்பர்வைசருக்கும் வந்திருந்தது. இதெல்லாம் பிரியாவின் ரூமில் இருந்த யுவஸ்ரீ எனக்குப் பிறகு சொன்னது. பஸ்ஸில் யாரும் எதுவும் பேசவில்லையாம். பிரியா ஒருத்தியின் போனை வாங்கிப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள், அவ்வளவுதான். ஏரிக்கரை நிறுத்தத்தில் எழுந்தாள்.

"இங்க எதுக்குடி எறங்கற?" என்று யுவஸ்ரீ கேட்டிருக்கிறாள்.

"சந்திரம்மா வீட்டுக்குப் போறேன்," என்றாளாம்.

பொய் இல்லை. ஏரிக்கரை மேல் நடந்தால் எங்கள் தெருவுக்குக் குறுக்கு வழி இருக்கிறது. நான் கதவைத் திறந்துவைத்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் கரையின் கடைசி வளைவு தெரியும். அந்த வளைவில் ஒரு ஆள் வந்தால் சேலையா சுடிதாரா என்று சொல்லிவிடலாம். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாடுகள் வந்தன. ஒரு லாரி வந்தது. குழம்பு ஆறியது.

சாயங்காலம் ஏரியில் மீன் பிடிக்கப் போனவர்கள் பார்த்துச் சொன்னார்கள்.

அவள் போனை உங்கள் ஆட்களிடம் ஒப்படைத்தது நான்தான். அவள் அப்பாவுக்கு ஆம்புலன்ஸ் பணம் கொடுத்ததும் நான்தான். அரசு ஆஸ்பத்திரி வாசலில் நான் அழுததைப் பார்த்து, பெற்றவள்கூட இப்படி அழமாட்டாள் என்று ஊரில் பேசினார்கள். அந்த அழுகை பொய் என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் இஷ்டம்.

அதற்குப் பிறகு என்னிடம் கடன் கேட்டு வருகிறவர்கள் அதிகமானார்கள். "அந்தப் பொண்ணு கதி தெரியுமில்ல? போன்ல கடன் வாங்காத, சந்திரம்மா கையில வாங்கு," என்று காமாட்சி இட்லிப் பொட்டலத்தோடு சேர்த்துச் சொல்லி அனுப்புகிறாள். நானும் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு நிறைந்திருக்கிறது. ஆனால் பேச்சுச் சத்தத்துக்கு நடுவில் மேஜை அதிரும். எழுந்து போவேன். டிவி மேஜை வெறுமையாக இருக்கும். மேஜையை விற்றுவிட்டேன், மேடம். இப்போது தரையில் கேட்கிறது. வந்திருக்கிற பிள்ளைகளைக் கேட்டால் ஒன்றும் கேட்கவில்லை என்கிறார்கள். வாசல் பக்கம் உட்காருவதையும் விட்டுவிட்டேன். கரை வளைவில் நாளெல்லாம் ஒருத்தி நிற்கிறாள். முன்னாலும் வருவதில்லை, திரும்பியும் போவதில்லை.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டு நான் இருந்திருப்பேன். நேற்று சாயங்காலம் வானமாமலை அண்ணன் வந்தார்.

வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் பை. தண்ணீர் கேட்கவில்லை. நானே கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு சொம்பை ஓரமாக வைத்தார். பையிலிருந்து பணத்தை எடுத்து எனக்கு முன்னால் வைத்தார்.

"பசுவ வித்துட்டோம்மா. எம்பிள்ள உங்களுக்குத் தரவேண்டிய மிச்சம். எண்ணிக்கோங்க."

"எனக்கு வாணாம்ணே. எடுத்துக்கினு போங்க."

"அப்படிச் சொல்லாதீங்க. அவ கடனோட போயிறக் கூடாது."

அந்த நேரம் அவர் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அதே சத்தம். நான் எழுந்துவிட்டேன். கையை நீட்டிக்கொண்டு அவர் நெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"அவ போனுதாம்மா. ஸ்டேசன்ல திருப்பிக் குடுத்தாங்க. நான்தான் வச்சிருக்கேன்," என்றார். எடுத்துப் பார்த்தார். "அவ அம்மா." பேசாமல் மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார்.

பிறகு பணத்தை என் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"ஒண்ணு கேக்கணும்மா. தப்பா எடுத்துக்காதீங்க. பஸ்ல கூட வந்த பிள்ள சொல்லிச்சு, உங்க வீட்டுக்குப் போறேன்னு சொல்லித்தான் எறங்குனாளாம். ஏற்கெனவே ஒருக்கா வாங்குன கடன் இருக்குல்லா, மறுபடி எப்படிக் குடுக்கன்னு நீங்க நினைச்சிருந்தாலும் அது ஞாயந்தான். அவ வந்தாளாம்மா? கேட்டாளா? நீங்க இல்லன்னுட்டியளோ?"

கோபமாகக் கேட்கவில்லை. என்மேல் பழி போடவும் இல்லை. அவருக்கு அது தெரிந்தால் ராத்திரி தூங்கலாம் என்பதுபோலக் கேட்டார்.

நான் பீரோவைத் திறந்து, புடவைக்கு அடியில் இருந்ததை எடுத்துவந்து அவர் கையில் வைத்தேன். "இது அவளுக்காக வச்சிருந்தேன்," என்றேன். அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வச்சிருந்தியன்னா பொறவு ஏம்மா குடுக்கல?" என்றார். நான் பீரோக் கதவைச் சாத்தினேன். அவர் அதைக் கீழே வைத்தார், பசு விற்ற பணத்தையும் வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் கூப்பிட்டேன், திரும்பிப் பார்க்கவில்லை. நான் அவளை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டேன் என்று முடிவு செய்துகொண்டு போகிறார்.

இத்தனை வருஷத்தில் என் வாசலுக்கு வந்த ஒருவரையும் நான் அப்படி அனுப்பியதில்லை. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அதனால்தான் காலையில் முதல் வேலையாக இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். இரண்டு பணமும் இந்தப் பைக்குள் இருக்கிறது, எண்ணிக்கொள்ளுங்கள். அவள் பெயரில் கடன் வாங்கியது நான். அவர்கள் கூப்பிட்டபோது கட்டாமல் விட்டது நான். அவள் அப்பா அத்தனை முறை அடித்தபோது எடுக்காதது நான். எந்தச் சட்டம் வேண்டுமானாலும் போடுங்கள், எங்கே கையெழுத்து கேட்டாலும் போடுகிறேன். அவர் ராத்திரி பஸ் ஏறியிருப்பார், ஊர் போய்ச் சேருவதற்குள் அவருக்கு ஒரு போன் போட்டு நடந்ததைச் சொல்லிவிடுங்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. சமைத்து வைத்து, பணத்தை எடுத்து வைத்து, கதவைத் திறந்துபோட்டு இருட்டுகிறவரை உட்கார்ந்திருந்தேன். வராமல் போனது அவள்தான்.